நோட்டீசில் ஒரு குங்குமப் பொட்டு

ஓசூருக்குக் கிழக்கே ஒரு ஊராம். ஊருக்கு ஒரு சந்தையாம். சந்தைக்கு ஒரு ஏலக்காரனாம். அவன் தொண்டையைத் திறந்தால் மைசூர் எல்லையில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்குமாம். ஒரு நாள் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். கட்டினது கட்டினதுதான், அப்புறம் அவிழவே இல்லையாம்.

'உம்' கொட்டிக்கொண்டே வாருங்கள். காலியான அந்த இடத்துக்கு ஆசைப்பட்டவன் நான்தான். பெயர் ராமப்பன். இது நடந்தது ஐம்பத்தைந்தாம் வருஷம். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்.

புளி மண்டியில் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதுவது என் வேலை. மூட்டையில் நான் எழுதும் எழுத்து ஒவ்வொன்றும் கத்திரிக்காய் அளவு இருக்கும். குரல்தான் சின்னது. ஈயிடம் ஒரு வார்த்தை பேசினால் ஈ காதைக் கிட்டே கொண்டுவரும். அப்படிப்பட்டவன் எப்படி ஏலம் விடுவான் என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. என் பெண்டாட்டி முனிலட்சுமியும் அதையேதான் கேட்டாள்.

அவள் ஆனேக்கல் பக்கம். அங்கே 'என்னங்க' என்று கூப்பிடுவதற்கு 'ஏன்ரீ' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணமான நாள் முதல், அவள் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு விளக்கம் கேட்கிற மாதிரியே இருக்கும். "ஏன்ரீ" என்றால் உடனே "சும்மாதான்" என்று பதில் சொல்லிவிடுவேன்.

"ஏன்ரீ."

"சும்மாதான். ஏலத்துக்கு லைசென்ஸ் வாங்கப் போறேன்."

"ஏலத்துக்கா? பாயசத்துல போடுறதுக்குக்கூடவா லைசென்ஸ் கேக்கறாங்க உங்க ஊர்ல?"

அவர்கள் பாஷையில் இந்த ஏலத்துக்கு 'ஹராஜு' என்று பெயர். அவளுக்குத் தெரிந்த ஏலம் ஏலக்காய் ஒன்றுதான். விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு அன்றைக்குப் பாயசம் வைத்தாள். இரண்டு ஏலமும் சேர்ந்து மணக்கட்டும் என்றாள். அப்படிப்பட்டவள். அவள் மேல் சந்தேகப்பட்டவன் நான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் பஞ்சாயத்து போர்டில் பகிரங்க ஏலம் விட லைசென்ஸ் இல்லாமல் ஒரு பூசணிக்காயைக்கூட விற்க முடியாது. ரோட்டோரப் புளியமரமா, பவுண்டுப் பட்டியில் அடைபட்டுக் கிடக்கிற மாடா, எதுவானாலும் லைசென்ஸ்காரன்தான் மணி அடிக்கலாம். லைசென்சுக்கு ஒன்பது நிபந்தனை. அச்சடித்த தாளைக் கொடுத்து, ஆபீசர் ஐயா மனப்பாடமாகக் கேட்பார் என்றார்கள். அவள் களி கிண்டும்போது நான் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து உருப்போடுவேன். நான் ஐந்தாவதைச் சொல்லித் திணறும்போது அவள் துடுப்பை நிறுத்தாமல் ஆறாவதை எடுத்துக் கொடுப்பாள்.

ஒன்பதையும் உங்கள் தலையில் ஏற்ற மாட்டேன். நான்கு போதும். ஏலத்துக்கு வரும் பொருள் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டு வாசலில் மூன்று நாளைக்கு நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பூட்டிய பொருளைச் சபையில் திறந்து காட்டி, கடைசியில் நிற்கிற ஆளுக்கும் கேட்கிற மாதிரி விவரம் சொல்ல வேண்டும்; கேட்டது என்று அந்தக் கடைசி ஆள் கை தூக்க வேண்டும். மூன்றாம் தரம் சொல்வதற்குள் சொந்தக்காரன் வேண்டாம் என்றால் ஏலம் நின்றுபோகும். நான்காவது எங்கள் சந்தைக்கே உரியது. இங்கே தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு, தெலுங்கும் உண்டு. நாளைக்கு எனக்குப் புரியவில்லை என்று யாரும் வம்புக்கு வரக்கூடாது. அதனால் முதல் தரம் தமிழில், இரண்டாம் தரம் கன்னடத்தில், மூன்றாம் தரம் தெலுங்கில். மூன்று பாஷையும் முடிந்தால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் பிரம்மா வந்தாலும் கேள்வி இல்லை.

இதை முனிலட்சுமிக்கு நானே பெருமையாக விளக்கிச் சொன்னேன். என் வாயால்.

லைசென்ஸ் கொடுக்குமுன் ஒரு வெள்ளோட்டம் உண்டு. மனு போட்டவன் தன் வீட்டுப் பொருள் ஒன்றை ஆபீசர் முன்னால் ஏலம் விட்டுக் காட்ட வேண்டும். என்ன பொருளை எடுப்பது என்று யோசித்தபோதுதான் என் புத்தி பச்சைப் பெட்டிக்குப் போனது.

பச்சைத் தகரப் பெட்டி. பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்தது. பித்தளைப் பூட்டு. சாவி தாலிக் கயிற்றில். ஏழு மாதத்தில் என் எதிரில் ஒரு நாளும் அது திறந்ததில்லை. சேலை நகை இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் மண்டியில் தலைவலி என்று மத்தியானமே வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. பெட்டி திறந்திருக்க, மடியில் காகிதங்களை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் பெட்டி பட்டென்று மூடிக்கொண்டது. என்ன காகிதம் என்றேன். "ஒண்ணுமில்ல ரீ" என்றாள்.

ஒன்றுமில்லாததைப் பார்த்து யாராவது அழுவார்களா?

நானே அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஏழு கடுதாசி எழுதியிருந்தேன். எப்படி இருந்தது என்று பிறகு ஒருமுறை கேட்டேன். நல்லா இருந்துச்சு என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம், தமிழ் பேசத்தான் வரும், எழுத்து தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டு சங்கதியும் என் மண்டைக்குள் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தன. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. பாராட்டினவளிடம் போய் யாராவது விசாரணை நடத்துவார்களா? பெட்டியில் இருப்பது என் கடுதாசியாக இருக்கும் என்றும் தோன்றவில்லை. என் கடுதாசிகளில் பாதி புளி விலை. அதைப் படித்துக் கண்ணீர் விட மண்டி முதலாளியால்தான் முடியும்.

பக்கத்து வீட்டு முனிவேல் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவரிடம் மனசைத் திறந்தேன். அவர் பஞ்சர் பார்க்கிற மாதிரியே என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காகிதம்னா கடுதாசி, கடுதாசின்னா யாரோ ஒருத்தன் எழுதினது, அவன் யாருன்னு தெரிஞ்சுக்கோ தம்பி என்றார். எப்படி என்றேன். நிபந்தனைத் தாளை வாங்கிப் படித்தார். பூட்டிய பொருளைச் சபையில் திறந்து காட்ட வேண்டும் என்ற வரியில் அவர் விரல் நின்றது. கிரீஸ் பட்டு அந்த வரி கறுத்தும் போனது.

திட்டம் இதுதான். வெள்ளோட்டத்துக்குப் பச்சைப் பெட்டி. பூட்டு திறக்காவிட்டால் அண்ணனின் ஸ்பேனர். சட்டப்படி திறக்கும், சட்டப்படி நான் பார்ப்பேன். கடைசி விலையை அண்ணனே கேட்டுப் பெட்டியை எடுத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். பெட்டியும் போகாது, லைசென்சும் வரும், சந்தேகமும் தீரும். ஒரே ஒரு இடைஞ்சல், வாசலில் ஒட்ட வேண்டிய நோட்டீஸ். அதுவும் இடைஞ்சல் இல்லை என்று ஒரு நிமிஷத்தில் புரிந்தது. அவளுக்குத்தான் தமிழ் எழுத்து தெரியாதே.

திங்கட்கிழமை காலை ஒட்டினேன். மூட்டை எழுத்தில், கத்திரிக்காய் கத்திரிக்காயாக: 'வருகிற வியாழக்கிழமை சந்தையில் பூட்டிய பச்சைப் பெட்டி ஒன்று பகிரங்க ஏலம் விடப்படும். சொந்தக்காரர் ராமப்பன்.' அவசரத்தில் 'விடப்படும்' என்பதில் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, 'விடப்படும' என்று நின்றது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவள் கோலமாவோடு வந்தாள். நோட்டீசை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"ஏன்ரீ."

"சும்மாதான். மலேரியாக்காரங்க நோட்டீஸ். வியாழக்கிழமை வீட்டுக்குள்ள மருந்தடிக்க வராங்களாம்."

"ஓகோ. அப்ப பெட்டி படுக்கையெல்லாம் வெளிய எடுக்கணுமா?"

எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பெட்டியை வெளியே எப்படி எடுப்பது என்று நான் இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், வழியை அவளே திறந்துவிட்டாள். "ஆமா ஆமா. பெட்டிய முக்கியமா எடுக்கணும். தகரத்துல மருந்து பட்டா துருப்பிடிச்சுடும்" என்றேன். பாவம், எவ்வளவு நம்புகிறாள் என்று உள்ளே கொஞ்சம் குறுகுறுத்தது. உள்ளூர நான் நல்லவன்தான்.

மறுநாள் காலை பார்த்தால் நோட்டீசில் ஒரு குங்குமப் பொட்டு. சர்க்கார் காகிதத்துக்கும் மாரியம்மனுக்கும் வித்தியாசம் தெரியாத பெண்ணாக இருக்கிறாளே என்று சிரித்துக்கொண்டே மண்டிக்குப் போனேன்.

வியாழக்கிழமை. பெட்டியை என் தலையில் தூக்கிவிட்டவளே அவள்தான். மூலை இடிக்காமல் பார்த்து இறக்குங்க என்றும் சொன்னாள்.

சந்தையில் நல்ல கூட்டம். ஆபீசர் ஐயா நாற்காலியில் உட்கார்ந்து மணியை என்னிடம் கொடுத்தார். ஒன்பது நிபந்தனையும் ஒப்பித்தேன். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டார். மணி அடித்தேன். மணிச் சத்தம் என் குரலைவிட நன்றாக இருந்ததாக முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார் ஆபீசர். சாவி இல்லீங்கய்யா என்றேன். முனிவேல் அண்ணன் ஸ்பேனரோடு ஓரடி முன்னால் வந்தார்.

அப்போது கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. மிளகாய்க்காரி கையிலிருந்து செருப்புத் தைப்பவர் கைக்கு, அங்கிருந்து எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் சின்னராஜ் கைக்கு, அவன் கையிலிருந்து என் கைக்கு. பித்தளைச் சாவி. மஞ்சள் வாசனை அடித்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில், வேப்பமரத்தை ஒட்டி, முனிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள்.

பூட்டைத் திறந்தேன். மேலே ஒரு கூறைச்சேலை. அதன் கீழே ஒரு சிலேட்டு. ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று, மூலை மடங்கி, பாதி வரைக்கும் அழுக்காகி. அதற்கும் கீழே மஞ்சள் நூலால் கட்டிய காகிதக் கட்டு. எடுத்தேன். என் கையெழுத்து. ஏழும்.

அடுத்தடுத்த வீட்டில் இருந்த இரண்டு சங்கதியும் அப்போதுதான் முதல்முறையாக ஒன்றையொன்று பார்த்துப் பேசின. என் காது சூடானது.

"விவரம் சொல்லும்" என்றார் ஆபீசர்.

"சேலை ஒண்ணு. சிலேட்டு ஒண்ணு. புத்தகம் ஒண்ணு. கொஞ்சம்... காகிதம்."

வேப்பமரத்தடியிலிருந்து கேட்டது: "கேளிஸ்லில்ல ரீ."

கேட்கவில்லையாம். ஆபீசர் நிபந்தனையைப் புரட்டினார். கடைசி ஆள் அந்த அம்மாதான், அவங்க கை தூக்கினால்தான் செல்லும் என்றார். குரலைத் தூக்கிச் சொன்னேன். அப்போதும் அவள் கை தூக்கவில்லை. காகிதம் என்றால் வெறும் காகிதமா, எழுதின காகிதமா, எழுதியிருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கிருந்தே கேட்டாள். விவரம் என்றால் அதுதானே என்றாள். நியாயமான கேள்வி என்றார் ஆபீசர். படியும் என்றார்.

படித்தேன். வேறென்ன செய்ய? லைசென்ஸ் அவர் மேஜைமேல் இருந்தது.

'சௌபாக்கியவதி முனிலட்சுமிக்கு. இங்கு நலம். புளி விலை இறங்கியிருக்கிறது. உன்னைப் பார்க்க வந்த அன்று உன் காதில் ஒரு கம்மல் ஆடியது, இன்னொன்று ஆடவில்லை. ஏன் என்று ஐந்து நாளாக யோசிக்கிறேன்.'

"கேளிஸ்லில்ல."

மறுபடி, இன்னும் சத்தமாக. முறுக்குக் கடைக்காரர் வாணலியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். இரண்டாம் கடுதாசி: 'உனக்குக் களி உருண்டை பெரிதாகப் பிடிக்குமா சிறிதாகவா என்று தெரிவித்தால் அதற்கேற்பத் தட்டு வாங்க வசதி.' மூன்றாவது: 'நேற்று கவனக்குறைவாக ஒரு மூட்டையில் அடையாளத்துக்குப் பதில் உன் பெயரை எழுதிவிட்டேன். அது சேலம் போய்விட்டது. முனிலட்சுமி என்பது எந்த வியாபாரி என்று அங்கிருந்து கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.'

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். சைக்கிள் கடை அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் மூக்கைத் துடைத்தார். என் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வந்துகொண்டே இருந்தது.

நான்காவதில்தான் வழுக்கினேன்.

'உங்கள் ஊரில் வாசலிலேயே கிணறு. இங்கே தூரம். நீ கவலைப்பட வேண்டாம். தினமும் நானே தண்ணீர் கொண்டுவருவேன்.'

"கேளிஸ்லில்ல ரீ" என்றாள். தமிழ் வேகமாக வந்தால் புரிவதில்லை என்றாள். அந்த அம்மாவுக்கு அவங்க பாஷையிலே சொல்லுமேன் என்றார் ஆபீசர்.

"தினா நானே நீரு தர்தீனி."

கன்னடக்காரப் பெண்கள் 'ஆகா' என்றார்கள். அவள் கை தூக்கவில்லை. பக்கத்தில் நின்ற மிளகாய்க்காரிகளைக் காட்டி, பாவம் இவங்களுக்குப் புரியலையாம், தெலுங்குக்காரங்க என்றாள்.

"ரோஜூ நேனே நீள்ளு தெஸ்தானு." இதை நான் கத்திய கத்தில் வேப்பமரத்துக் காக்கை பறந்தது.

இப்போது அவள் கையைத் தூக்கினாள். முழுக் கையையும். வளையல் முழங்கை வரைக்கும் இறங்கியது.

மீதி மூன்றையும் படித்து முடித்ததும் விலை கேட்டேன். சேலையை யாரும் பார்க்கவே இல்லை. அடுத்த மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சின்னராஜ், கடுதாசிக்கு மட்டும் ஒரு ரூபாய் என்றான். பெண்ணுக்கு எழுத அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லையாம், பார்த்து எழுதிக்கொள்வானாம். இன்னொருவன் இரண்டு என்றான். சின்னராஜ் ஐந்து என்றான். கடைசி விலை கேட்க வேண்டிய முனிவேல் அண்ணனைப் பார்த்தேன். அவர் எங்கேயோ வெறித்துக்கொண்டிருந்தார். தன் பெண்டாட்டிக்கு ஒரு கடுதாசிகூட எழுதவில்லையே என்ற கவலை அவருக்கு.

"ஒருதரம்" என்றேன்.

சின்னராஜ் மடியை அவிழ்த்துக் காசை எடுத்தான்.

"எரடு சல."

மூன்றாம் தரம் சொன்னால் லைசென்ஸ் என்னுடையது, கடுதாசி சின்னராஜுடையது. வேப்பமரத்தடியைப் பார்த்தேன். அவள் 'ஏன்ரீ' என்றுகூடக் கேட்கவில்லை. கழுத்தில் சாவி இல்லாத தாலிக் கயிற்றை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கொடுக்கல" என்றேன். "சொந்தக்காரன் நான். எனக்கு விற்க மனசில்லை. கொடுக்கல."

அன்று நான் பேசியதிலேயே சத்தமானது அதுதான். ரோட்டில் போன பஸ் நின்றுவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

ஆபீசர் ஐயா மணியை வாங்கிப் பைக்குள் வைத்தார். வெள்ளோட்டத்திலேயே விற்க மறுக்கிறவனுக்கு எப்படி லைசென்ஸ் கொடுப்பது என்றார். என் மனுவின் மேல் ஏதோ எழுதி என் கையில் கொடுத்தார். 'குரல் போதும். மனசு பற்றாது. அடுத்த மாதம் வேறு பொருளோடு வரவும்.' எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போனார். முறுக்குக் கடைக்காரர் வாணலியிடம் போனார். சின்னராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த மூட்டை விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டு போனான். முனிவேல் அண்ணன் யாரிடமும் சொல்லாமல், காகிதக் கடை இருக்கும் பக்கமாக நடந்தார்.

முனிலட்சுமி வந்தாள். கடுதாசிகளை என் கையிலிருந்து வாங்கி மஞ்சள் நூலால் கட்டினாள்.

"கோபமா?" என்றேன். பழைய குரல் திரும்பி வந்துவிட்டது.

"எதுக்கு? கடுகு மாதிரி எழுதியிருக்கீங்க. முனிவேல் அண்ணன் வீட்டு மங்கம்மாக்காகிட்ட நாலு மாசமா மத்தியானத்துல படிக்கறேன், புஸ்தகத்து எழுத்து வருது, உங்க எழுத்துல என் பேரு மட்டும்தான் தெரியுது, மத்தது வரல. அவங்களையே படிக்கச் சொல்லியிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு. ஏழு கடுதாசி எழுதின மனுசன்கிட்ட ஒண்ணும் புரியலன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது.

"புஸ்தகத்து எழுத்து வருமா? பெரிய எழுத்தும் வருமா?"

"கத்திரிக்கா மாதிரி இருந்தா நல்லா வரும்."

"அப்ப அந்த நோட்டீஸ்..."

"'ம'வுக்குப் புள்ளி வெக்க மறந்துட்டீங்க. பாக்கறவங்க உங்களச் சிரிப்பாங்களேன்னு நான்தான் வெச்சேன். கையில குங்குமந்தான் இருந்துச்சு."

பெட்டியைப் பூட்டினாள். சாவியைத் தாலிக் கயிற்றில் முடிந்தாள். இனிமேல் என்ன கேட்பது என்று தெரியாமல், அந்தத் தண்ணீர்க் கடுதாசி தமிழில் அத்தனை சத்தமாகப் படித்தும் உனக்குக் கேட்கவே இல்லையா என்று கேட்டேன்.

"முதல் தரமே கேட்டுச்சு ரீ."

"அப்புறம் எதுக்கு மூணு தரம் சொல்ல வெச்சே?"

"தமிழ்ல ஒருதரம், கன்னடத்துல ஒருதரம், தெலுங்குல ஒருதரம். அதுக்கு மேல யார் வந்தாலும் கேள்வியில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? வழியில கெணறு இருக்கு. மங்கம்மாக்கா குடம் எடுத்தாரப் போயிருக்காங்க."

கடுதாசிக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்றைக்கு அந்தச் சந்தையில் மூன்று பாஷையிலும் விலைபோன பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பச்சைப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனது.